நற்சான்றாக நின்ற நட்பு: கிம் பில்பி நிகழ்வு குறித்த ஆய்வு

பிரிட்டனின் வெளிநாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.6 தன்னுடைய சோவியத் எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைவராக 1944-இல் அமர்த்திய அதிகாரி, அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே சோவியத் உளவுத்துறையில் சேர்ந்துவிட்டவர். அவர் ஹரால்ட் ஏட்ரியன் ரஸ்ஸல் பில்பி; நண்பர்களுக்குக் ‘கிம்’. இவரைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் இவருடைய துணிவையும் நடிப்பையும் நினைவாற்றலையும் வியந்து, வஞ்சகத்தின் வெற்றியை வஞ்சகனின் திறமைக்கே வரவு வைக்கிறார்கள். நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு வேறொன்று புலப்படுகிறது. பில்பி ஏறிய ஒவ்வொரு படியிலும், அவரை விசாரித்திருக்க வேண்டிய இடத்தில் அவருடைய நண்பர் ஒருவரோ தந்தையின் நண்பர் ஒருவரோ நின்றிருந்தார். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நண்பனைக் கைவிடக் கூடாது என்ற நற்குணம் உடையவர்கள். தீங்கு அந்த நற்குணத்தின் வழியாகவே நுழைந்தது.

உள்ளே வந்த வழி

பில்பி 1912 ஜனவரி 1 அன்று அன்றைய பஞ்சாப் மாகாணத்தின் அம்பாலாவில் பிறந்தார். தந்தை செயின்ட் ஜான் பில்பி இந்திய ஆட்சிப் பணியில் (ஐ.சி.எஸ்.) இருந்தவர், பின்னர் அரேபியப் பாலைவனங்களைக் கடந்து ஆராய்ந்தவர், இஸ்லாத்தைத் தழுவி, சவூதி மன்னர் இப்ன் சவூதின் ஆலோசகராக வாழ்ந்தவர். மகன் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும், 1929 முதல் 1933 வரை கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிலும் படித்தார். படிப்பு முடிந்ததும் வியன்னாவுக்குச் சென்றவர், 1934 பிப்ரவரியில் அரசுப் படைகள் தொழிலாளர் குடியிருப்புகளைப் பீரங்கியால் தாக்கியதை நேரில் கண்டார். லிட்சி ஃப்ரீட்மன் என்ற கம்யூனிஸ்ட் பெண்ணை அங்கேயே மணந்து, அவருடன் லண்டன் திரும்பினார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில், அர்னால்ட் டாய்ச் என்ற சோவியத் முகவர் அவரைச் சந்தித்துப் பணியில் சேர்த்தார்.

டாய்ச் இட்ட முதல் கட்டளை எந்த ஆவணத்தையும் திருடச் சொல்லவில்லை. இடதுசாரி நண்பர்களை விட்டு விலகி, வலதுசாரியாகத் தோன்றச் சொன்னது. பில்பி அவ்வாறே நாஜி ஜெர்மனியுடன் நட்புறவு பேசிய சங்கமொன்றில் சேர்ந்தார். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் வலதுசாரித் தளபதி பிராங்கோவின் தரப்பிலிருந்து ‘டைம்ஸ்’ நாளிதழுக்குச் செய்தி எழுதினார். 1937-இன் கடைசி நாளில் தெருவேல் அருகே அவர் அமர்ந்திருந்த காரின் அருகே எறிகுண்டு வெடித்து, உடனிருந்த மூன்று செய்தியாளர்கள் மாண்டார்கள். சிறு காயத்துடன் தப்பிய பில்பிக்கு பிராங்கோ தம் கையாலேயே பதக்கம் அணிவித்தார். ஒரு நாட்டின் இரகசியம் எதுவும் அவர் கைக்கு வருவதற்கு முன்பே, பழைய தோழர்கள் அவரைக் கொள்கை மாறியவர் என்று வெறுக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வெறுப்பைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவருக்கு, பின்னாளில் புதிய நண்பர்களின் அன்பைப் பொறுத்துக்கொள்வது எளிதாகவே இருந்திருக்கும்.

1940-இல் கேம்பிரிட்ஜ் நண்பரும் சக சோவியத் உளவாளியுமான கை பர்ஜஸ் வழியாகப் பிரிட்டிஷ் இரகசியப் பணிக்குள் நுழைந்த பில்பி, 1941-இல் எம்.ஐ.6-இன் எதிர் உளவுப் பிரிவுக்கு வந்தார். அவரைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர் அமைப்பின் துணைத் தலைவர்களில் ஒருவரான வாலண்டைன் விவியன். இவர் முன்பு இந்தியக் காவல் பணியில் இருந்தவர். செயின்ட் ஜானை அறிந்தவர். மகனைப் பற்றி விசாரிக்க வேண்டியிருந்தபோது தந்தையைச் சாப்பாட்டுக்கு அழைத்து, பையன் கேம்பிரிட்ஜில் கம்யூனிஸ்ட்டாக இருந்தானாமே என்று கேட்டார். அது மாணவப் பருவத்து விளையாட்டு, இப்போது திருந்திவிட்டான் என்று தந்தை பதிலளித்தார். விசாரணை அத்துடன் முடிந்தது. பின்னாளில் இதைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அவனுடைய குடும்பத்தை எனக்குத் தெரியும் என்று தாம் சொன்னதாக விவியனே ஒப்புக்கொண்டார்.

இது பில்பிக்கு மட்டும் காட்டப்பட்ட சலுகை அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய நெருங்கிய நண்பராகப் போகிற நிக்கோலஸ் எலியட், ஈட்டன் பள்ளித் தலைமையாசிரியரின் மகன். டிரினிட்டியில் மூன்றாம் வகுப்பில் தேறியவர். 1939-இல் ஆஸ்கட் குதிரைப் பந்தயத் திடலில் வெளியுறவுத் துறையின் மூத்த அதிகாரி ராபர்ட் வான்சிட்டார்ட்டிடம் தமக்கு இரகசியப் பணியில் சேர விருப்பம் என்றார். நல்லவேளையாக எளிதான ஒன்றைக் கேட்டாய் என்று அவர் மகிழ்ந்தாராம். ஒரே வாசல் வழியாக ஒரு விசுவாசியும் ஒரு துரோகியும் வந்தார்கள். இருவரையும் பிரித்தறியும் கருவி எதுவும் அந்த வாசலில் இல்லை. குலமும் பள்ளியும் குடிக்கும் சங்கமும் ஒன்றாக இருந்தால் மனமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையே அங்கே காவல் நின்றது.

நண்பர்கள்

போர்க்காலத்தில் லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸில் இயங்கிய பிரிவில் பில்பியை அனைவருக்கும் பிடித்திருந்தது. அவருக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். அது பேச்சில் ஓர் இடைவெளியைத் தந்தது. கேட்பவருக்கு அவர்மீது பரிவையும் தந்தது. கீழ்நிலை ஊழியர்களிடம் அன்பாக நடந்துகொண்டார். மேலதிகாரியைப் பற்றிய கேலியில் கலந்துகொண்டார். வேலையில் கூர்மையாக இருந்தார். நான்கு வயது இளையவரான எலியட் அவரை முன்மாதிரியாகவே கொண்டார். 1944-இல் இஸ்தான்புல்லில் ஜெர்மன் உளவு அதிகாரி எரிக் வெர்மெரனையும் அவர் மனைவியையும் பிரிட்டன் பக்கம் இழுத்து வந்தது எலியட்டின் மிகப் பெரிய சாதனை. லண்டனில் அத்தம்பதியர் தங்கவைக்கப்பட்ட வீடு பில்பியின் தாயாருடையது. நம்பிக்கை எந்த அளவுக்குக் குடும்பத்துக்குள் புகுந்திருந்தது என்பதற்கு இதுவே போதும்.

இந்த நட்பு முழுவதும் நடிப்புத்தானா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகம் வெளியிட்ட, உள்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பான எம்.ஐ.5-இன் கோப்புகளில், 1963-இல் பில்பி எலியட்டிடம் பேசியவற்றின் பதிவு இருக்கிறது. எம்.ஐ.6-இன்மீது தமக்கு உண்மையிலேயே பெரும் பற்று இருந்தது என்றும், அங்கே அருமையான நண்பர்கள் கிடைத்தார்கள் என்றும், ஆனால் எல்லாவற்றையும் மிஞ்சிய உந்துதல் மறுபக்கத்துக்கே உரியதாக இருந்தது என்றும் அவர் அதில் சொல்கிறார். இதை நான் நம்புகிறேன். முப்பது ஆண்டுகள் வெறுப்பை மறைத்துச் சிரிப்பது மனிதரால் ஆகிற காரியமாகத் தோன்றவில்லை. விரும்பியவர்களுடன் விரும்பிச் சிரிப்பது ஆகும். பில்பி நண்பர்களை நேசித்தார். நேசித்தபடியே அவர்கள் சொன்னவற்றை எழுதி அனுப்பினார். பொய்யான நட்பைக் கண்டுபிடிக்க வழிகள் இருக்கலாம். மெய்யான நட்பு இன்னொன்றுக்குப் பணிவிடை செய்யும்போது, அதில் கண்டுபிடிக்க எதுவும் இருப்பதில்லை.

வோல்கோவ்

அந்தப் பணிவிடையின் விலை 1945-இல் இஸ்தான்புல்லில் தெரிந்தது. துணைத் தூதர் என்ற பெயரில் அங்கே பணியாற்றிய சோவியத் உளவு அதிகாரி கான்ஸ்டன்டின் வோல்கோவ், செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்துக்குத் தம் மனைவியுடன் வந்தார். தமக்கும் மனைவிக்கும் புகலிடமும் 50,000 பவுண்டும் தந்தால், பிரிட்டிஷ் அரசுக்குள் இருக்கும் சோவியத் முகவர்களின் பட்டியலைத் தருவதாகச் சொன்னார். அவர்களில் ஒருவர் லண்டனில் எதிர் உளவுப் பிரிவு ஒன்றின் தலைவராக இருப்பவர் என்பதையும் குறிப்பிட்டார். பிரிட்டிஷ் சங்கேதத் தந்திகள் சிலவற்றை மாஸ்கோ படித்துவிடுகிறது என்பதால், இச்செய்தியைத் தந்தியில் அனுப்பக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. ஆகவே அது தூதரகப் பையில் லண்டன் சேரப் பத்து நாள்களுக்கு மேல் ஆயிற்று.

லண்டனில் அத்தாள் யார் மேசைக்குப் போக வேண்டும்? சோவியத் எதிர்ப்புப் பிரிவின் தலைவரிடம். அதாவது வோல்கோவ் பெயர் சொல்லாமல் சுட்டிய அதே ஆளிடம். பில்பி அதைப் படித்துவிட்டு, மிக முக்கியமான செய்திதான், கவனமாகக் கையாள வேண்டும் என்றார். அன்று மாலையே மாஸ்கோவுக்குத் தகவல் போயிற்று. இந்த விவகாரத்தை நேரில் கையாளத் தாமே இஸ்தான்புல் செல்வதாகப் பில்பி ஏற்பாடு செய்துகொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் காலம் தாழ்த்தினார். விமானத் தாமதமும், தூதரின் அனுமதிக்காகக் காத்திருந்ததும் அவருக்கு உதவின. அவர் செப்டம்பர் இறுதியில் போய்ச் சேர்ந்தபோது வோல்கோவ் அங்கே இல்லை. கட்டுகள் சுற்றப்பட்ட இருவர் தூக்குப்படுக்கையில் சோவியத் விமானமொன்றில் ஏற்றப்பட்டதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். வோல்கோவ் மாஸ்கோவில் கொல்லப்பட்டார்.

வோல்கோவே ஏதோ கவனக்குறைவாக நடந்துகொண்டு மாட்டியிருப்பார் என்று பில்பி அறிக்கை எழுதினார், அது ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டுப் புத்தாண்டு விருதுகளில் அவருக்கு ஓ.பி.இ. பட்டம் கிடைத்தது. லண்டனில் ஒருவராவது அமர்ந்து, எதிர் உளவுப் பிரிவுத் தலைவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாருக்கு இந்தச் செய்தி முன்கூட்டித் தெரிந்தது என்று கணக்குப் போட்டிருந்தால், விடை ஒரு பிற்பகலில் கிடைத்திருக்கும். அப்படிக் கணக்குப் போடுவது நண்பர்களைச் சந்தேகிப்பதாகும். அதைச் செய்ய யாருக்கும் மனம் வரவில்லை.

வாஷிங்டனில்

1947 முதல் இஸ்தான்புல்லில் பணியாற்றிய பில்பி, 1949-இல் அமெரிக்க உளவு அமைப்புகளுடன் தொடர்பு அதிகாரியாக வாஷிங்டன் சென்றார். அங்கே சி.ஐ.ஏ.வின் ஜேம்ஸ் ஆங்கிள்டனுடன் போர்க்காலப் பழக்கம் மீண்டும் துளிர்த்தது. ஹார்வீஸ் உணவகத்தில் இருவரும் வாரந்தோறும் மதிய உணவு உண்டார்கள். சிங்கி இறாலும் மதுவும் தாராளமாக ஓடின. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டிய செய்திகள் அங்கே வாய்மொழியாகக் கைமாறின. அதே காலத்தில் கம்யூனிஸ்ட் அல்பேனியாவின் ஆட்சியைக் கவிழ்க்கப் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து, புலம்பெயர்ந்த அல்பேனியர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கடல் வழியாகவும் வான் வழியாகவும் உள்ளே அனுப்பிய திட்டத்தில், பில்பி ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவராக இருந்தார். போனவர்களில் பலருக்காக அல்பேனியக் காவல் படை காத்திருந்தது. பிடிபட்டுக் கொல்லப்பட்டவர்களுடன், அவர்களுடைய உறவினர்களும் தண்டிக்கப்பட்டார்கள். புலம்பெயர்ந்தோர் முகாம்களிலிருந்தும் இரகசியம் கசிந்தது என்பதால் எல்லாச் சாவையும் பில்பியின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. ஆனால் அவர் அறிவித்தார் என்பதில் ஐயமில்லை. தம் செயலுக்காக வருந்தியதாக அவர் ஒருபோதும் சொல்லவில்லை.

அவருடைய வீழ்ச்சியும் ஒரு நட்பினாலேயே தொடங்கியது என்பது இந்நிகழ்வின் விசித்திரங்களில் ஒன்று. சோவியத் தந்திகளை உடைத்துப் படித்த அமெரிக்கர்கள், ‘ஹோமர்’ என்ற மறைபெயர் கொண்ட உளவாளி பிரிட்டிஷ் வெளியுறவு அதிகாரி டொனால்ட் மக்லீன் என்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். பில்பிக்கு அது தெரியும். அப்போது தம் வாஷிங்டன் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்த கை பர்ஜஸ் வழியாக மக்லீனுக்கு எச்சரிக்கை அனுப்பினார். நீயும் சேர்ந்து ஓடிவிடாதே என்று பர்ஜஸிடம் கண்டிப்பாகச் சொல்லியும் அனுப்பினார். 1951 மே 25 அன்று இரவு இருவருமே கப்பலேறித் தப்பினார்கள். தம் வீட்டில் தங்கியிருந்தவரே காணாமற்போன பின், பில்பியின்மீது கண் விழாமல் இருக்க வழியில்லை.

சி.ஐ.ஏ.வில் அவரைச் சந்தேகித்து முதலில் குறிப்பெழுதியவர் பில் ஹார்வி. ஆங்கிள்டனும் ஒரு குறிப்பு எழுதினார். அது பர்ஜஸின் கிறுக்குத்தனங்களை விவரித்து, பில்பியைக் குற்றத்திலிருந்து விலக்கியே வைத்தது. ஹார்வி இந்தியானா மாநிலத்துக்காரர், எஃப்.பி.ஐ.யில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பில்பி வீட்டு விருந்தொன்றில் பர்ஜஸ் ஹார்வியின் மனைவியை ஆபாசமாகக் கேலிச்சித்திரம் வரைந்ததைப் பார்த்து அடிக்கப் பாய்ந்தவர். அந்த நண்பர் வட்டத்தின் கவர்ச்சி அவரிடம் செல்லுபடியாகவில்லை. ஆகவே கோப்பில் இருந்ததை அவரால் கோப்பில் இருந்தபடியே படிக்க முடிந்தது.

காத்தவர்கள்

லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்ட பில்பி, 4,000 பவுண்டு ஈட்டுத்தொகையுடன் பதவி விலகினார். அந்த ஆண்டின் இறுதியில் வழக்கறிஞர் ஹெலனஸ் மில்மோ அவரைக் கடுமையாக விசாரித்தார். பில்பி திக்கினார், சிந்தித்தார், எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. குற்றவாளிதான் என்று எம்.ஐ.5 முடிவுக்கு வந்தது. ஆனால் நீதிமன்றத்தில் வைக்கத்தக்க சான்று இல்லை. உடைக்கப்பட்ட சோவியத் தந்திகளைப் பற்றி வெளியில் வாய் திறக்கவும் முடியாது. எம்.ஐ.6 நண்பர்களோ, எலியட்டின் தலைமையில், அப்பாவி ஒருவர் வேட்டையாடப்படுகிறார் என்று வாதாடினார்கள்.

இவ்விடத்தில் எலியட் தரப்புக்கு நியாயம் செய்தாக வேண்டும். சான்றில்லாமல் ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பது நல்ல அறம். அமெரிக்காவில் செனட்டர் மெக்கார்த்தி அப்போது சான்றின்றிப் பலரைக் கம்யூனிஸ்ட்டுகள் என்று குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த எந்த ஆங்கிலேயருக்கும் அந்த அறத்தின் அருமை தெரிந்திருக்கும். கேள்வி, அந்த அறம் யாருக்கு வழங்கப்பட்டது என்பதுதான். 1948 மார்ச்சில் பிரதமர் அட்லி, கம்யூனிஸ்ட்டுகளும் பாசிஸ்ட்டுகளும் நாட்டின் பாதுகாப்போடு தொடர்புடைய அரசுப் பணிகளில் இருக்கக் கூடாது என்று அறிவித்தார். அதன்படி சாதாரண ஊழியர்கள் எந்தத் துரோகமும் நிரூபிக்கப்படாமலேயே, கட்சித் தொடர்பு ஒன்றுக்காக இடம் மாற்றப்பட்டார்கள் அல்லது நீக்கப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் பெண்ணை வியன்னாவில் மணந்து, இரண்டு துரோகிகளின் நண்பராக இருந்து, வோல்கோவ் கோப்பையும் கையில் வைத்திருந்த ஒருவருக்கோ, ஐயத்தின் பலன் முழுவதும் கொடுக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டிய நீதி, நண்பர்களுக்குள் மட்டும் புழங்கும் மரியாதையாகச் சுருங்கியிருந்தது.

1955 அக்டோபர் 25 அன்று தொழிற்கட்சி உறுப்பினர் மார்கஸ் லிப்டன், நாடாளுமன்ற உறுப்பினருக்கு உரிய பாதுகாப்பைப் பயன்படுத்தி, ‘மூன்றாம் மனிதன்’ (பர்ஜஸுக்கும் மக்லீனுக்கும் அடுத்தவர்) ஹரால்ட் பில்பியின் செயல்களை மூடி மறைக்கப்போகிறீர்களா என்று அவையில் வெளிப்படையாகக் கேட்டார். நவம்பர் 7 அன்று பதிலளித்த வெளியுறவு அமைச்சர் ஹரால்ட் மக்மில்லன், திரு. பில்பி எந்தக் காலத்திலும் நாட்டின் நலனுக்குத் துரோகம் செய்தார் என்று முடிவு செய்யத் தமக்குக் காரணம் எதுவும் இல்லை என்றார். மறுநாள் தாயாரின் வீட்டு வரவேற்பறையில் செய்தியாளர்களைக் கூட்டிய பில்பி, கம்யூனிஸ்ட் என்று தெரிந்தே ஒரு கம்யூனிஸ்ட்டுடன் தாம் கடைசியாகப் பேசியது 1934-இல் என்று புன்னகையுடன் சொன்னார். லிப்டன் தம் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மக்மில்லன் பில்பியின் நண்பரல்லர். அவருடைய அறிக்கை, இரண்டு உளவு அமைப்புகளின் சண்டை தெருவுக்கு வருவதைத் தடுக்க நினைத்த ஆட்சியின் அறிக்கை. நட்பு தொடங்கிவைத்த பொய்யை அதிகாரம் தன் வசதிக்காக முத்திரையிட்டுக் கொடுத்தது. அதன் பிறகு பில்பியைச் சந்தேகிப்பது அமைச்சரின் சொல்லைச் சந்தேகிப்பதாயிற்று.

பெய்ரூட்

1956-இல் எலியட்டின் முயற்சியால் ‘அப்சர்வர்’, ‘எகனாமிஸ்ட்’ ஆகிய இதழ்களின் நிருபராகப் பில்பி பெய்ரூட் சென்றார். மறைவில் எம்.ஐ.6-க்கு மீண்டும் தகவல் தந்தார். அதைவிட மறைவில் மாஸ்கோவுக்கும் தந்தார். 1960-இல் எலியட்டே அந்நகரின் எம்.ஐ.6 நிலையத் தலைவராக வந்து சேர்ந்தபோது இரு குடும்பங்களும் விருந்தும் கேளிக்கையுமாகக் கழித்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் பெய்ரூட்டுக்கு வந்திருந்த செயின்ட் ஜான் பில்பி, எலியட் வீட்டு மதிய விருந்துக்குச் சென்று வந்த பின் நோயுற்று இறந்தார். மகன் பல நாள் குடியில் மூழ்கிக் கிடந்தார்.

இந்தச் சுவரை உடைத்தது எந்த உளவு அமைப்பின் திறமையும் அன்று. சோவியத் அதிகாரி அனதோலி கோலித்சின் 1961 டிசம்பரில் மேற்குக்கு ஓடிவந்து சொன்னவை சந்தேகத்தைக் கூட்டின. ஆனால் அறுதியான சொல் வந்தது ஒரு பழைய தோழியிடமிருந்து. பில்பிக்கு அவருடைய இரண்டாம் மனைவியை அறிமுகப்படுத்திய ஃப்ளோரா சாலமனிடம், 1930-களிலேயே பில்பி தாம் ஆபத்தான இரகசியப் பணியில் இருப்பதாகச் சொல்லி, அவரையும் சேரக் கேட்டிருந்தார். சாலமன் அதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெளியில் சொல்லவில்லை. இஸ்ரேலுக்கு எதிராகப் பில்பி எழுதிவந்த கட்டுரைகள் அவரைச் சினம்கொள்ள வைத்தன. 1962-இல் இஸ்ரேலின் ரெஹோவோத்தில் நடந்த கூட்டமொன்றில், போர்க்காலத்தில் எம்.ஐ.5-இல் பணியாற்றிய விக்டர் ராத்சைல்டைச் சந்தித்து மனத்தில் இருந்ததைக் கொட்டினார். பிரிட்டனைக் காட்டிக்கொடுத்தபோது வாய்மூடியிருந்த நட்பு, தன்னுடைய கொள்கை காயப்பட்டபோது வாய் திறந்தது. சாலமனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த வட்டத்தில் ஒவ்வொருவரும் உண்மையை எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்பதற்கு இது நேரான சாட்சி.

அப்போது எம்.ஐ.6-இன் தலைவராக இருந்த டிக் வைட், 1951-லிருந்தே பில்பியைச் சந்தேகித்தவர். வாக்குமூலம் பெற எம்.ஐ.5-இன் ஆர்தர் மார்ட்டினை அனுப்புவதாக முதலில் இருந்தது. கடைசியில், லண்டனுக்குத் திரும்பிவிட்டிருந்த எலியட்டே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். 1963 ஜனவரி இரண்டாம் வாரத்தில் பெய்ரூட்டில் ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்த ஒரு குடியிருப்பில் கதவு திறந்ததும் எலியட்டைப் பார்த்த பில்பி, நீதான் வருவாய் என்று நினைத்தேன் என்றார். ஒரு காலத்தில் உன்னை அண்ணாந்து பார்த்தேன், கிம். இப்போது எவ்வளவு வெறுக்கிறேன் தெரியுமா, ஏன் என்று புரிந்துகொள்ளும் அளவுக்காவது உன்னிடம் நேர்மை மிஞ்சியிருக்கும் என்று நம்புகிறேன் என்று எலியட் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. தேநீர் அருந்தியபடியே நடந்த அந்தப் பேச்சின் முடிவில், முழுமையாக ஒத்துழைத்தால் வழக்கு இல்லை என்ற உறுதிமொழியை எலியட் முன்வைத்தார். பில்பி சில பக்கங்கள் ஒப்புக்கொண்டார். அதிலும் போர் முடிந்தபின் மாஸ்கோவுடன் தொடர்பே இல்லை என்று ஒரு பொய்யைச் சேர்த்தார்.

அதன்பின் எலியட் பெய்ரூட்டை விட்டுப் போனார். பில்பிமீது கண்காணிப்பு என்று சொல்லத்தக்க எதுவும் வைக்கப்படவில்லை. ஜனவரி 23 இரவு, மனைவியுடன் விருந்துக்குப் போக வேண்டியவர் துறைமுகத்துக்குப் போய், ‘டோல்மாத்தோவா’ என்ற சோவியத் சரக்குக் கப்பலில் ஏறி ஒடெசா சேர்ந்தார். நீதிமன்றத்தில் அவமானப்படுவதைவிட அவர் ஓடிப்போவதே நல்லது என்று லண்டன் கண்டும் காணாமல் விட்டது என்ற கருத்து பலருக்கு உண்டு. அப்படி யாரும் எழுத்தில் முடிவெடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. வெறுக்கிறேன் என்று சொன்ன வாயால் கையில் விலங்கிடு என்று சொல்ல எலியட்டால் முடியாது என்பது, அவரை அனுப்பியவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்க வேண்டும்.

நம்பாத எஜமானர்கள்

மாஸ்கோவின் பக்கம் திரும்பிப் பார்த்தால் இதன் நேர் எதிர்ப்பக்கம் தெரிகிறது. போர்க்காலத்தில் கேம்பிரிட்ஜ் உளவாளிகள் அனுப்பிய ஆவணங்களை மதிப்பிட்ட எலேனா மோட்ரிஜின்ஸ்கயா என்ற சோவியத் அதிகாரி, அவர்கள் அனைவரும் பிரிட்டன் ஏவிய இரட்டை உளவாளிகள் என்று முடிவு செய்தார். கம்யூனிஸ்ட் பின்னணி உள்ளவர்களை உளவுத்துறையில் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு ஆங்கிலேயர்கள் முட்டாள்களாக இருக்க முடியாது என்பது அவருடைய வாதம். சோவியத் ஒன்றியத்தில் பிரிட்டன் வைத்திருக்கும் உளவாளிகள் யார் யார் என்று மாஸ்கோ கேட்டபோது, அப்படிக் குறிப்பிடத்தக்க வலை எதுவும் இல்லை என்று பில்பி உண்மையைச் சொன்னார். அந்த உண்மையே அவருக்கு எதிரான சான்றாயிற்று. அவரைப் பின்தொடர லண்டனுக்கு ஆட்களும் அனுப்பப்பட்டார்கள். பொய் சொன்ன இடத்தில் நம்பப்பட்டவர், மெய் சொன்ன இடத்தில் நம்பப்படவில்லை. அவரைக் கையாண்ட தொடக்ககால அதிகாரிகளில் தியோடர் மாலி முதலானோரை ஸ்டாலினின் ஆட்சி 1938-இல் சுட்டுக் கொன்றிருந்தது. அதை அறிந்த பிறகும் பில்பி விலகவில்லை. இந்த அசையாமையைச் சிலர் அவருடைய நற்குணமாகக் காட்டுவதுண்டு. எதையெல்லாம் பார்த்தும் அசையவில்லை என்பதைச் சேர்த்துச் சொன்னால், அந்தப் பெயர் அதற்குப் பொருந்தவில்லை.

தப்பி வந்தபின் சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி. தம்மைப் பெரிய அதிகாரியாக வரவேற்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கிடைத்தது ஒரு வீடும், ஓய்வூதியமும், இடைவிடாத கண்காணிப்பும்தான். அமைப்பின் தலைமையகத்துக்குள் அவர் காலடி வைக்கவே 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாஸ்கோவில் மிஞ்சியிருந்த பழைய நண்பர் டொனால்ட் மக்லீனின் மனைவி மெலிண்டாவுடன் உறவு கொண்டு அந்த நட்பையும் முறித்தார். 1988 மே 11 அன்று இறந்தபோது இராணுவ மரியாதை கிடைத்தது. 1990-இல் அவர் முகம் சோவியத் அஞ்சல்தலையில் ஏறியது.

எஞ்சியவர்கள்

ஆராயாமல் தெளிவதும், ஒருமுறை தெளிந்தவரிடத்தில் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று தமிழில் படித்தவர்களுக்கு, இந்நிகழ்வின் இரண்டாம் பாதியை ஆங்கிள்டன் நிறைவு செய்வது வியப்பளிக்காது. பில்பியிடம் ஏமாந்த பிறகு அவர் யாரையும் நம்ப மறுத்தார். 1964-இல் ஓடிவந்த சோவியத் அதிகாரி யூரி நொசென்கோவை, மாஸ்கோ அனுப்பிய பொய்யன் என்று சி.ஐ.ஏ. சந்தேகித்து, விசாரணையின்றி மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அடைத்து வைத்தது. அந்தச் சந்தேகத்தை ஊட்டி வளர்த்தவர்களில் ஆங்கிள்டன் முதன்மையானவர். அமைப்புக்குள் இல்லாத துரோகியைத் தேடி, குற்றமற்ற பல அதிகாரிகளின் வாழ்க்கையைச் சிதைத்தார். 1974 டிசம்பரில் பதவியிலிருந்து இறக்கப்படும்வரை இது தொடர்ந்தது. பில்பி காட்டிக்கொடுத்த செய்திகள் சில ஆண்டுகளில் பழையதாகிப்போயின; அவர் விட்டுச்சென்ற அவநம்பிக்கை, அவர் மாஸ்கோவில் ஓய்ந்திருந்த காலத்திலும் அவருக்காக வேலை செய்தது.

எலியட் வேறு வகையில் அதைத் தாங்கினார். மாஸ்கோ சேர்ந்த பின் பில்பி அவருக்கு ஒரு கடிதம் எழுதி, எங்காவது சந்திக்கலாம் என்று கேட்டிருந்தார். எதுவும் நடவாததுபோல் எழுதப்பட்ட கடிதம் அது. பாவப்பட்ட வோல்கோவின் கல்லறையில் எனக்காகச் சில பூக்களை வை என்பது எலியட் அனுப்பிய பதில். பதினெட்டு ஆண்டுகளாக எவரும் கேட்காத கேள்வியை, கேட்டிருக்க வேண்டியவர்களில் ஒருவர் அந்த ஒரு வரியில் கேட்டுவிட்டார். 1988-இல் பில்பி இறந்தபோது எலியட் ஓய்வு பெற்று இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது அவர் எம்.ஐ.6-க்கு ஒரு யோசனை சொன்னார்: இறந்தவருக்கு உயர்ந்த பிரிட்டிஷ் விருதான சி.எம்.ஜி.யை வழங்குவோம், தாம் அறிந்த மிகத் துணிவான மனிதர்களில் ஒருவர் பில்பி என்றும், இதுவரை வாய் திறக்க முடியாமல் இருந்தேன் என்றும் தாமே இரங்கல் குறிப்பு எழுதுவார், அவர் கடைசிவரை பிரிட்டனுக்கே உழைத்தாரோ என்று மாஸ்கோ தன் கோப்புகளையெல்லாம் பிரித்துப் போட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும். நண்பனின் நற்பெயருக்காக ஒரு காலத்தில் உண்மையாகவே வாதாடியவர், அதே வாதத்தை இம்முறை பொய்யென்று அறிந்தே, பழிவாங்கும் கருவியாகக் கையில் எடுக்க நினைத்தார். எம்.ஐ.6 அந்த யோசனையை ஏற்கவில்லை.